சாக்பீஸில் எழுதிய கட்டளை

"எழுதுங்கக்கா. நாலு பேரு இருக்கற சுவத்துல அஞ்சாவதா ஒரு பேரு. என்ன குடி முழுகிப் போயிடும்?"

"முழுகும். அதனாலதான் மாட்டேங்கறேன். முதல்ல அந்த டப்பாவ மூடுங்க, நெடி தாங்கல."

"மூடமாட்டனுங்க. நீங்க எழுதற வரைக்கும்…"

"மயில்சாமி, நினைச்சா கிறுக்கிட்டுப் போறதுக்கு அது என்ன பஸ் ஸ்டாண்டு சுவரா…"

"உங்க சுவர்தானுங்க! ஆனா அதுல சாஞ்சு நிக்கறது நாங்க!"

கீழே லேத் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. அதை ஓட்டுகிற ஆறுமுகத்தின் குரல் படி வழியாக ஏறி வந்தது.

"ஏனுங்க்கா, போலீஸுக்குச் சொல்லட்டுங்களா, பேக்கரிக்குச் சொல்லட்டுங்களா?"

"பேக்கரிக்கே சொல்லு. ரெண்டு டீ. ஒண்ணுல சர்க்கரை வேண்டாம்" என்று ரங்கநாயகி பதிலுக்குக் கத்தினார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஆவாரம்பாளையத்தில், பம்பு மோட்டார் செய்கிற பட்டறைகளுக்கு நடுவில், இப்படி ஒரு மாடி அறையில்தான் 'பேழை' இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். மறதிக் காய்ச்சல் வந்துபோன பிறகு, நினைவு தங்காமல் போனவர்களுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சில்லு வைத்தார்கள். அவர்கள் பார்த்தது, கேட்டது, அழுதது எல்லாம் தூக்கத்தில் அந்தச் சில்லில் போய்ப் பதியும். எந்தத் துண்டை எங்கே வைப்பது, கேட்டால் எப்படி எடுத்துக் கொடுப்பது என்ற காரியத்தைச் செய்கிற மென்பொருள்தான் பேழை. ஆஸ்பத்திரிகள் ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருந்தன. ஆனால் எல்லாமே அடியில் பேழைக்குத்தான் கட்டளை கொடுத்து வேலை வாங்கின. அதை எழுதி, பழுது பார்த்து, வருடா வருடம் பதிப்பு மாற்றி வெளியிடுகிறவர் ரங்கநாயகி. காய்ச்சல் அவரைத் தொடவில்லை. அவர் காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் சிவப்பு எனாமல் பெயிண்டில் நான்கு கட்டளைகளின் பெயர்கள் இருந்தன: சேமி, எடு, குறியிடு, திரும்பு. பெயிண்டில் ஏறிவிட்டால் அந்தக் கட்டளை மாறாது. இன்றைக்கு என்ன செய்கிறதோ அதையே ரங்கநாயகி செத்த பிறகும் செய்யும். பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸால் முப்பது நாற்பது பெயர்கள். அவை அவர் தன் வேலைக்காக எழுதிக்கொண்டவை. சாயங்காலம் டஸ்டர் எடுத்தால் இருக்காது. கரும்பலகையின் தலையில் பெரிதாக, 'இவை மாறும், நம்ப வேண்டாம்' என்று இருந்தது. பேழையை வாங்கிப் பயன்படுத்துகிற எல்லாருக்கும் இந்த இரண்டு வரிசையும் போகும், அந்த எச்சரிக்கையோடு சேர்த்தே.

மயில்சாமி, நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சில்லுப் பிரிவைக் கவனிக்கிறவர். நாற்பத்தெட்டு வயது. கையில் கால் லிட்டர் சிவப்புப் பெயிண்டும் புதுப் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வந்திருந்தார். கரும்பலகையிலிருந்து ஒரு பெயரைச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அந்தப் பெயர், 'ஓரங்கட்டு'.

"அது எதுக்கு இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் ரங்கநாயகி. "பழுதான துண்டு ஒண்ணைச் சரி பண்றப்ப, மத்ததோட மோதாம இருக்கட்டும்னு எனக்காக எழுதினது. ரோட்டுல நின்னு போன லாரியை ஓரங்கட்டற மாதிரி. சரி பண்ணினதும் எடுத்து ஓட்டிட்டுப் போயிடணும். நீங்க என்ன பண்ணினீங்க? லாரியை அங்கயே விட்டுட்டு சாவியைத் தூக்கிக் கிணத்துல போட்டுட்டீங்க."

"வைத்தியமாப் பண்ணினோமுங்க. தாங்க முடியாத ஒரு நினைப்பை ஓரங்கட்டிட்டா அந்த ஆளு எந்திரிச்சு நடக்குது, சாப்பிடுது. நாலாயிரம் பேருங்க்கா. நாலு வருஷமா ஒழுங்கா வேலை செய்யுதுங்களே!"

"வேலை செய்யறதும் வாக்குக் கொடுக்கறதும் ஒண்ணா? நான் வாக்குக் கொடுத்தது அந்த நாலுக்கு. இதுக்கு இல்ல. எழுதியே வெச்சிருக்கேன்."

"எழுதி வெச்சுட்டாப் பொறுப்பு தீந்துச்சுங்களா? 'மாறும்'னு ஒரு போர்டை மாட்டிட்டு நீங்க பாட்டுக்கு உக்காந்திருப்பீங்க. ஜனங்க அதும்மேல வீடு கட்டிக் குடியிருக்காங்க."

"சாரத்து மேல வீடு கட்டிட்டு சாரத்தைப் பிரிக்காதேங்கறீங்க."

"பிரிச்சா விழறது நாங்கதானுங்களே. உங்க காதுல ஒண்ணும் இல்ல. உங்களுக்கு என்ன போச்சு?"

அந்த வார்த்தை எப்போதும் போய்த் தைக்கிற இடத்தில் தைத்தது. டீ வந்தது. பேக்கரிப் பையன் இரண்டு கிளாஸையும் மேஜையில் வைத்துவிட்டு, பெயிண்ட் டப்பாவைப் பார்த்தான், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான், சில்லறைகூடக் கேட்காமல் இறங்கிப் போனான்.

"குடிங்க" என்றார் ரங்கநாயகி. "குடிச்சிட்டுத் திட்டுங்க."

மயில்சாமி கிளாஸை எடுத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"ஆறாம் பதிப்புல என்னதான் பண்ணியிருக்கீங்க, நேராச் சொல்லுங்க."

"ஓரங்கட்டுங்கற கட்டளையே அதுல கிடையாது. இதுவரைக்கும் ஓரங்கட்டி வெச்ச எல்லாம் அதது இடத்துக்குத் திரும்பி வந்துடும். திங்கட்கிழமை வெளியிடறேன். அன்னிக்குத் தலைகாணியில சார்ஜ் ஏறறப்ப எல்லாச் சில்லுக்கும் போயிடும்."

"செவ்வாக்கிழமை காலையில நாலாயிரம் பேரு கண்ணு முழிப்பாங்க."

"ஆமா."

"என்ற சம்சாரமும்."

ரங்கநாயகிக்கு அது தெரியாது. நான்கு வருடமாகப் பழக்கம். ஆஸ்பத்திரி விஷயமாக வருவார், கேள்வி கேட்பார், கிண்டல் செய்வார், போவார். அவருக்கும் சில்லு உண்டு என்று தெரியும். காய்ச்சலில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நினைவு போய், ஒரே வாரத்தில் சில்லு வைத்ததாகச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். மனைவிக்கு ஓரங்கட்டிய கதையைச் சொன்னதில்லை.

"எங்களுக்கு ஒரு பையன் இருந்தானுங்க. நிரஞ்சன். போகி அன்னிக்குக் காலையில, பொள்ளாச்சி ரோட்டுல, ஈச்சனாரி தாண்டி… நான், சுலோச்சனா, பையன், மூணு பேரும் கார்ல. அன்னிக்கு மட்டும் கூலிக்கு ஓட்ட ஆக்டிங் டிரைவர் ஒருத்தனைப் போட்டிருந்தோம். அவன் கொண்டுபோய் நின்ன டிராக்டர்ல சொருகிட்டான். அவன் பேருகூட எனக்குத் தெரியாது. மொகமும் தெரியாது. அதிர்ச்சியில அந்தக் காலையே என்ற சில்லுல பதியலைன்னு டாக்டர் சொன்னாருங்க. தெரிஞ்சிருந்தா இந்நேரம் அவனைத் தேடிப் போயிருப்பேன்."

"சுலோச்சனாவுக்குப் பதிஞ்சிருந்துதா?"

"நல்லாப் பதிஞ்சுதுங்க. மூணு மாசம் தண்ணி குடிக்கவும் நான் சொல்லணும். என்னைப் பாப்பா, ஒண்ணும் பேசமாட்டா. நான்தான் கையெழுத்துப் போட்டு ஓரங்கட்டினேன். கட்டளையைத் தட்டினதே நான்தான். மறுநா எந்திரிச்சுக் கோலம் போட்டாளுங்க்கா. பையன் எங்கன்னு கேட்டா. கனடாவுல படிக்கறான்னேன்."

"இத்தனை வருஷமா?"

"அவன் குரலை மெஷின்ல செஞ்சு வெச்சிருக்கேன். வாராவாரம் மெசேஜ் போடும். 'அம்மா, இங்க பனி'ங்கும். அவ உடனே, 'ஸ்வெட்டர் போடுடா'ம்பா."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்காமல் இருக்க முடியாது என்பது போல அவசரமாக எடுத்தார். பட்டறைச் சத்தத்தில் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, எங்கிருக்கீங்க?"

"ஆவாரம்பாளையத்துல, சுலோ. ரங்கநாயகிக்கா ஆபீஸ்ல."

"அக்காவுக்கு வணக்கம் சொல்லுங்க. பஸ்ஸுலயே வந்துருங்க. யாராவது கார்ல ஏத்திக்கறேன்னா ஏறாதீங்க."

"தெனமும் இதையேதான் சொல்றே. ஏன்டி?"

"என்னமோ, சொல்லணும்னு தோணுது. சொல்லலைன்னா நெஞ்சு படபடங்குது. வர்றப்ப கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

மயில்சாமி போனைப் பையில் போட்டுக்கொண்டார். ரங்கநாயகி கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா? அந்தப் படபடப்பு இருக்கே, அது ஒழுகுறது" என்றார். "நினைப்பைத்தான் ஓரங்கட்ட முடியுது. உடம்புல தங்கின பயத்தை இல்ல. ஒரு அம்மா கிணத்துப் பக்கமே போக மாட்டாங்க, ஏன்னு அவங்களுக்கே தெரியாது. ஒருத்தருக்கு ஊதுபத்தி வாசனை ஆகாது. அதுகூடப் பரவாயில்ல. இன்னொண்ணு இருக்கு, அதுக்குத்தான் நான் பயப்படறேன்."

"என்னது?"

"ஓரமா நிக்கற வரைக்கும் அங்க பழுது நடந்துட்டிருக்குன்னு பேழை நினைச்சுக்குது. பக்கத்துத் துண்டைத் தொடப் போகும். பழுது நடக்கற இடமாச்சேன்னு அதையும் ஓரங்கட்டும். அப்புறம் அதுக்குப் பக்கத்துல இருக்கறதை. எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல, ஆனா ஆரம்பிச்சவங்களுக்கு நிக்காது. நாலு நாளைக்கு நிக்க வேண்டியது நாலு வருஷமா நின்னா? அந்தப் பையன் சம்பந்தப்பட்டது ஒவ்வொண்ணாப் போகும். சுலோச்சனாகிட்ட ஏதாவது மாத்தம் தெரியுதா?"

"இல்லீங்க."

"மயில்சாமி."

"இல்லீங்கறேன்ல."

"கிளாஸை அந்தப் பிடி பிடிக்காதீங்க, உடைஞ்சிடும். சொல்லுங்க."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். பெயிண்ட் டப்பாவின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். விரல் சிவப்பானது.

"போன வாரம் பரண்ல இருந்து அவன் கிரிக்கெட் பேட் விழுந்துச்சுங்க. எடுத்து வெச்சுக்கிட்டு, 'இது யாரு பேட்டுங்க?'ன்னா. பக்கத்து வீட்டுப் பையனோடதுன்னு நினைச்சுக் குடுக்கப் போயிட்டா. மெசேஜ் வந்துச்சு, 'அம்மா'ன்னு. 'யாரோ தப்பா அனுப்பறாங்க'ன்னா." அவர் குரல் அடங்கியது. "இருக்கட்டுமுங்க. அவனை மறந்தாலும் மறக்கட்டும். அந்தக் காலை மட்டும் அவளுக்குத் திரும்ப வேண்டாம். அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்."

"நான் பெயிண்ட்ல எழுதினா என்ன ஆகும் தெரியுமா? அந்த ஒழுகலும் அந்த அரிப்பும் சேர்ந்து வாக்காயிடும். நானே நினைச்சாலும் அப்புறம் சரி பண்ண முடியாது. சரி பண்ணினா அதை நம்பினவங்களுக்குத் துரோகம். பண்ணலைன்னா சுலோச்சனாவுக்குப் பையனும் போய், அப்புறம் நீங்களும் போவீங்க. உங்களையும் ஒரு நா, யாருங்க நீங்கன்னு கேப்பா."

மயில்சாமி தலையைத் தூக்கவில்லை.

"அதோட போகாது. போன மாசம் ஒருத்தர் வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை. ஓரங்கட்டு நிலைக்குமான்னு கேட்டார். தன் சம்சாரத்துக்கு ஒரே ஒரு சாயங்காலத்தை மட்டும் எடுக்கணுமாம். என்ன சாயங்காலம்னேன். சிரிச்சார். சொல்லலை. சுவத்துல ஏறட்டும், அப்புறம் வர்றேன்னார்."

"நான் அந்த மாதிரி ஆளில்லீங்க்கா."

"நீங்க இல்ல. ஆனா நீங்க பிரஷ்ஷு கொண்டு வந்திருக்கீங்க. அவர் காத்துக்கிட்டிருக்கார்."

லேத் சத்தம் நின்று நின்று ஓடியது. ஜன்னல் வழியாக வந்த வெயிலில் சிவப்புப் பெயர்கள் நான்கும் ஈரம் காயாதவை போல மின்னின. ரங்கநாயகி எழுந்து கரும்பலகையின் கீழ்மூலையைக் காட்டினார். புதிதாக ஒரு பெயர் எழுதியிருந்தது: 'உண்டா'.

"ரெண்டு வாரமா உக்காந்து இதை எழுதினேன். பழைய பதிப்புல ஒரு சில்லுல ஏதாவது ஓரங்கட்டி இருக்கான்னு கேக்க வழியே கிடையாது. நான் சரி பண்ணினதும் எடுத்துடறவ, எனக்கு எதுக்குக் கேக்கணும்? இப்ப கேக்கலாம். ரீடரைக் காதுக்குப் பின்னால வெச்சா எத்தனை துண்டு, எந்தத் தேதின்னு சொல்லும். திறக்காது. உள்ள என்னன்னு காட்டாது. திங்கட்கிழமைக்கு முன்னால உங்க ஆஸ்பத்திரி ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேக்கட்டும். இருக்கறவங்க வீட்டுல சொல்லுங்க. பக்கத்துல ஒரு ஆளு இருக்கறப்ப, கையைப் பிடிச்சுக்கிட்டு திறக்கலாம். தனியா விட வேண்டியதில்ல."

மயில்சாமி நெடுநேரம் அந்தப் பெயரைப் பார்த்தார். கோபம் அவரிடமிருந்து இறங்குவது ரங்கநாயகிக்குத் தெரிந்தது. அதற்கு அடியில் இருந்தது களைப்பு.

"சுலோ திறக்கறப்ப நான் பக்கத்துல இருப்பேன்" என்றார் கடைசியில்.

"இருக்கணும்."

"அவளுக்கு அழறதுக்கு ஆளாவது இருக்கணும். எனக்கு அந்தக் காலை இல்லவே இல்ல. அதனால நான் தாங்கிப்பேன்."

"சரி."

"இது சரியா வேலை செய்யுதுங்களா? நாலாயிரம் பேருகிட்டப் போய் தப்பா ஒண்ணு சொல்லிட்டா…"

"செஞ்சு பாத்தேன். மாதிரிச் சில்லுல. ஆளு மேல இன்னும் பாக்கலை."

"மாதிரியில பாத்தா என்னத்துக்குங்க ஆச்சு?" அவர் முகத்தில் பழைய மயில்சாமி கொஞ்சம் எட்டிப் பார்த்தார். "எப்பவும் நீங்களேதானுங்களே சொல்வீங்க, முதல்ல காலிப் பெட்டியில போட்டுப் பாரு, பூஜ்ஜியம்னு சொல்லுதான்னு பாரு, அப்புறம் நிறைஞ்சதுகிட்டப் போன்னு. என்ற மேல போட்டுப் பாருங்க. காலிப் பெட்டி. ஒண்ணும் ஓரங்கட்டலை."

"உங்களுக்கு எதுக்கு…"

"அட, வைங்கக்கா. காது குத்தறதா என்ன? பூஜ்ஜியம் வந்துச்சுன்னா நானே போய் ஆஸ்பத்திரியில பேசறேன். பெயிண்ட்டையும் திருப்பிக் குடுத்துடறேன். கடைக்காரன் திட்டுவான்."

ரங்கநாயகி சிரித்துவிட்டார். ரீடரை எடுத்தார். மயில்சாமி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். மேஜையில் இருந்த திரை அவர் முதுகுப் பக்கம் இருந்தது.

"காரை வித்துட்டீங்களா என்ன? இந்த வெயில்ல பஸ்ஸுல வர்றீங்க" என்று கேட்டுக்கொண்டே ரீடரை அவர் காதுக்குப் பின்னால் பொருத்தினார்.

"எப்பவோ வித்தாச்சுங்க. ஸ்டீயரிங்கைத் தொட்டா கை வேர்த்து ஊத்துது. காய்ச்சலோட மிச்சம்னு நினைக்கறேன். முன்னெல்லாம் ஊட்டிக்கே ஒத்தையில ஓட்டிட்டுப் போவேன், வேற ஒருத்தன் கையில சாவியக் குடுக்கவே மாட்டேன். அன்னிக்கு மட்டும் எதுக்கு அந்த ஆக்டிங் டிரைவரைப் போட்டோம்னு இன்னிக்கு வரைக்கும் புரியலைங்க. ஆஸ்பத்திரியில நான் கண்ணு முழிச்சப்ப சுலோதான் சொன்னா, போட்டோம்னு. டாக்டரும் சொன்னாரு."

ரங்கநாயகியின் கை கட்டளையைத் தட்டி முடித்திருந்தது.

திரையில் எண் வந்தது. ஒன்று.

அதன் கீழே தேதி. நான்கு வருடத்துக்கு முந்திய போகி. காலை நேரம்.

அவர் மறுபடி தட்டினார். மறுபடி ஒன்று. கட்டளை சரியாகத்தான் வேலை செய்தது. அவர் எழுதிய எதுவும் இவ்வளவு சரியாக வேலை செய்ததில்லை.

ஆக்டிங் டிரைவர் என்று ஒருவன் இருந்ததே இல்லை. சாவியை யார் கையிலும் கொடுக்காத மனிதர்தான் அன்றைக்கும் ஓட்டியிருக்கிறார். அது தெரிந்த சுலோச்சனா, புருஷன் உயிரோடு இருக்கட்டும் என்று அவருக்கு ஓரங்கட்டக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இல்லாத ஒருவனை அந்த இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, மூன்று மாதம் அவரைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் பேசாமல் இருந்திருக்கிறாள். பிறகு அவர் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தக் காலையைத் தெரிந்தவர் யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே தலைகாணி வரிசையில் இரண்டு பேரும் கண் விழிப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

ஒன்று என்று சொன்னால் அந்தக் காலை இப்போதே, இந்த நாற்காலியிலேயே அவர் மேல் வந்து விழும். பூஜ்ஜியம் என்று சொன்னால், அந்தப் பொய்க்குத் தானும் துணை போய், பெயிண்டில் எழுதாமலே எழுதியதாகிவிடும்.

மேஜை மேல் டப்பா திறந்தே இருந்தது. கீழே ஆறுமுகம் மெஷினை நிறுத்திவிட்டான். தெருச் சத்தம்கூடத் தூரமாகப் போய்விட்டது போல இருந்தது. மயில்சாமியின் குனிந்த கழுத்தில் வேர்வை அரும்பியிருந்தது. சிவப்பு ஒட்டிய விரல்கள் முழங்காலில் அமைதியாகக் கிடந்தன.

"என்னங்க்கா, சத்தத்தையே காணோம்? பூஜ்ஜியந்தானுங்களே?"